அந்தரத்தில் விட்டுப் பழகியவள்

உங்கள் அக்காவுக்கு என்ன வேலை என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், குழாய் ரிப்பேர் என்றுதான் சொல்வேன். பொய் இல்லை. குழாய் இருக்கிற இடம்தான் கொஞ்சம் உயரம். நம் தலைக்கு மேலே பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறதே விண்வெளி நிலையம், அதில் அவள் ஆறு மாதம் இருந்தாள். அங்கே கக்கூஸ் அடைத்துக்கொண்டால் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

நான் முடி வெட்டுகிறவள். கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. என் கத்தரிக்கோலும் வாயும் சேர்ந்துதான் ஓடும், ஒன்று நின்றால் இன்னொன்றும் நின்றுவிடும் என்பார் என் வீட்டுக்காரர். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே வரும். இதை முன்பே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அக்காவிடம் கத்தியதைப் படித்துவிட்டு யாரும் என்னை வையக்கூடாது.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் ஒரே ஆலையில் மாறி மாறி ஷிப்ட் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். நடுவில் என்னை வைத்திருந்தது அக்கா. அவளுடைய பள்ளிக்கூடப் படம் எதை எடுத்தாலும் இடது இடுப்பு கொஞ்சம் ஒடித்தே இருக்கும். நான் படத்தில் இல்லாவிட்டாலும் அந்த இடுப்பில் நான் உட்கார்ந்திருப்பது தெரியும். ஒரு நாள்கூட அவள் என்னைக் கீழே போட்டதில்லை. அப்படிப்பட்டவள் மேலே போய்விட்டு வந்து, என் பெண்ணைத் தூக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேலே போவதற்கு முன்னால் அவள் தண்ணீர் சுத்திகரிக்கிற ஆலையில் இன்ஜினியர். விண்வெளிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து எழுதிப் போட்டாள். கூப்பிட்டார்கள். வருஷக்கணக்கில் பயிற்சி. அக்கம்பக்கத்தில் என்னவோ அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

அங்கே மணி அடித்தால்தான் காலை. ஜன்னலைப் பார்த்துப் பொழுது சொல்ல முடியாது. ஒரு ஆள் சாவகாசமாகச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வெளியே விடிந்து, உச்சிவெயிலாகி, இருட்டியும் விடும். அக்கா தூங்கியது துணி அலமாரி அளவே இருந்த ஒரு பெட்டியறையில். சுவரோடு கட்டிய பைக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்துக்கொள்ள வேண்டும். நின்று தூங்குகிறோமா படுத்துத் தூங்குகிறோமா என்பதே தெரியாது. பக்கத்தில் சின்ன விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விட்ட மூச்சு விலகிப் போகாமல் முகத்தைச் சுற்றியே தேங்கி, எழுந்ததும் மண்டையைப் பிளக்குமாம்.

எழுந்ததும் கணினித் திரையில் அன்றைக்கு உள்ள வேலை வரும். பல் தேய்ப்பது, சாப்பிடுவது, ரத்தம் எடுத்துக்கொடுப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். கட்டங்களின் மேல் ஒரு சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கோடுதான் இப்போதைய நேரம். அது நம் வேலையைத் தாண்டிப் போய்விட்டால் நாம் பின்தங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

"எனக்கு மாமியார் இல்லாத குறையை அந்தக் கோடு தீர்த்துவச்சிடுச்சுடி" என்றாள் அக்கா. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஓடுகிற கட்டத்தில் ஓட வேண்டும். தோளில் வார்ப்பட்டை மாட்டிக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும், இல்லையென்றால் முதல் எட்டிலேயே கூரையில் போய் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். வேர்வை வழியாது. முதுகில் அப்பளம்போல அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும், துண்டால் எடுக்க வேண்டும். அந்தத் துண்டில் உள்ள ஈரத்தையும் விடமாட்டார்கள். வேர்வை, மூச்சுக்காற்றில் உள்ள ஈரம், சிறுநீர், எல்லாம் குழாய்குழாயாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அதுதான் அக்காவின் இலாகா.

"நேத்து கக்கூஸுக்குப் போனதுதான் இன்னிக்குக் காபி" என்றாள் ஒரு நாள் வீடியோவில். என் வீட்டுக்காரர் கையிலிருந்த காபியை ஓசைப்படாமல் கீழே வைத்தார். "உங்களுது இல்ல மாப்பிள்ளை, நீங்க குடிங்க" என்றாள்.

தண்ணீரைச் சுத்தம் செய்கிற அந்த யந்திரம் வாரத்துக்கு ஒரு தரமாவது மக்கர் பண்ணும். பாதி நாள் அவளுக்கு அதோடுதான் மல்லுக்கட்டு. கையுறை போட்டுக்கொண்டு, சுவரில் உள்ள கம்பிக்கு அடியில் காலைச் செருகிக்கொண்டு, மூடியைக் கழற்றுவாள். காலைச் செருகாமல் திருப்புளியைத் திருகினால் திருகாணி நிற்கும், நாம் சுற்றுவோம். நிலையத்தின் தலைவர் ஒருவர் உண்டு. எதையும் இரண்டு தரம் சரிபார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார் என்பதால் அக்கா அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள். அவர் டார்ச் பிடிக்க, இவள் குழாயைக் கழற்ற, அப்படியே அரை நாள் போகும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நம்பினவர்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவனை நாம் என்னவென்று திட்டுவோம்? அந்தரத்தில் விட்டுட்டுப் போயிட்டான் பாவி என்போம். மேலே இருக்கிறவர்களுக்கு அந்தரத்தில் விடுவதுதான் வசதி. சாப்பிடும்போது கரண்டியைக் காற்றில் விட்டுவிட்டு ரொட்டியைப் பிய்ப்பார்கள். கரண்டி அங்கேயே நிற்கும். பேனா, துண்டு, திருப்புளி எல்லாம் அப்படித்தான். வைக்க மேசை தேட வேண்டாம், கையை எடுத்தால் போதும். எதையாவது விட்டது மறந்துபோய் அது மிதந்து போய்விட்டாலும் கவலை இல்லை. அறையின் காற்றை உறிஞ்சி எடுக்கிற வலை ஒன்று சுவரில் இருக்கிறது. தொலைந்ததெல்லாம் மெல்ல மெல்ல அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை பெருக்கித் துடைக்கிற நாள். அன்றைக்கு வலையைத் திறந்தால் வாரம் முழுக்கத் தொலைத்தது கிடைத்துவிடும். எதைக் காணவில்லை என்றாலும் "சனிக்கிழமை கிடைச்சிடும்" என்பார்களாம்.

ஆறு மாதம் ஒருத்தி இப்படி இருந்தால் அவள் கை என்ன கற்றுக்கொள்ளும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

எனக்கு இரண்டு தரம் கரு கலைந்திருக்கிறது. இரண்டு தரமும் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தது அக்கா. இரண்டாவது தரம் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பேசாமல் கிடந்தபோது, அவளும் என்னோடு பேசாமல் என் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேசாமல் இருந்தது என் வாழ்நாளிலேயே அந்த ஒரு வாரம்தான். மூன்றாவதாக உண்டானபோது அவளுடைய பயணத் தேதி முடிவாகியிருந்தது. போகவில்லை, வேறு ஆளை அனுப்பட்டும் என்றாள். நான்தான் சண்டை போட்டு அனுப்பினேன். இவ்வளவு வருஷம் பாடுபட்டுவிட்டு என்னால் நின்றுபோனாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம் என்றேன். கிளம்புகிற அன்று அவள் முடியை ஒட்ட வெட்டிவிட்டேன். மேலே முடி படியாது, பரட்டையாக எழுந்து நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்ததும் முதல் வேலை உன் பிள்ளையைத் தூக்குறதுதான். குளிக்கக்கூட மாட்டேன்."

"குளிச்சிட்டே தூக்கு. ஆறு மாசம் குளிக்காம வருவ" என்றேன்.

பாப்பா பிறந்த அன்று அங்கிருந்து போன் வந்தது. மேலேயிருந்து வருகிற போனில் ஒரு சங்கடம் உண்டு. நாம் ஹலோ சொன்னால் அது போய்ச் சேர்ந்து பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். என் வீட்டுக்காரர் ஹலோ என்றார், சத்தம் இல்லை, லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று நினைத்துக் கட் பண்ணிவிட்டார். மறுபடியும் வந்தது. "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா, இப்பதான் குழந்தை பிறந்திருக்கு" என்று சிடுசிடுத்தார். வைக்கப் போகும்போது அந்தப் பக்கம் ஓவென்று அழுகிற சத்தம் கேட்டது. லோன் கொடுக்கிறவர்கள் அதற்கு அழமாட்டார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நிலையத்துக்குப் புதிதாக வந்து சேர்கிறவர்களைப் புது ஆள் என்பார்களாம். அன்றிலிருந்து பாப்பாவுக்கு அக்கா வைத்த பெயர் அதுதான். "புது ஆளு என்ன பண்றா? புது ஆளு தூங்கினாளா?"

அதற்கப்புறம் அக்கா ஒரு நாள் வெளியே போனாள். வெளியே என்றால் நிலையத்துக்கு வெளியே, வெட்டவெளியில். பெரிய உடுப்பை மாட்டிக்கொண்டு வாத்தியாரோடு போய், பழுதான ஒரு பம்பைக் கழற்றிப் புதிதை வைக்கிற வேலை. உள்ளே இருக்கிற சௌகரியமெல்லாம் வெளியே கிடையாது. விட்டது போனதுதான், அங்கே வலையும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் கொக்கி. ஆளுக்குக் கொக்கி, திருப்புளிக்குக் கொக்கி. ஒரு பொருளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதற்கும் ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் தன் கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, வாய் திறந்து "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுகிற வரை கொடுக்கிறவர் கையை எடுக்கக்கூடாது. தலையாட்டினால் செல்லாது. தலைக்கவசத்துக்குள் யார் தலையாட்டுகிறார் என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்குப் பம்பை அக்கா வாங்கும்போது கொக்கி சரியாக விழுந்த மாதிரி அவளுக்குத் தெரியவில்லை. கழற்றி மாட்டினாள். மறுபடி கழற்றி மாட்டினாள். அந்தக் கையுறையில் விரலை மடக்குவதே மாவு பிசைகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் வலி. வாத்தியார் அவ்வளவு நேரமும் பம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆச்சா என்று கேட்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. கை மரத்துப்போய் மூச்சு வாங்குவது மட்டும் இவளுக்குக் காதில் கேட்டதாம். கடைசியில் கொக்கி விழுந்தது. பிடிச்சாச்சு என்றாள். அப்புறம்தான் விட்டார்.

"அந்த மனுஷன் மேல எனக்கு எவ்ளோ மரியாதை வந்துச்சு தெரியுமாடி? நான் சொல்ற வரைக்கும் விடல" என்றாள்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரரும் பாப்பாவைக் கை மாற்றும்போதெல்லாம் அதுதான். "பிடிச்சாச்சா?" "பிடிச்சாச்சு." அவர் பேக்கரியில் வேலை முடித்து வந்து கை கழுவியதும், நான் குழந்தையை நீட்டுவேன். சொல் வராமல் நான் விடமாட்டேன். முதலில் விளையாட்டு, அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

அக்கா இறங்கினாள். சில வாரம் விண்வெளி மையத்திலேயே வைத்து நடக்கப் பழக்கினார்கள். பிறகு வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நான் பாப்பாவோடு நின்றேன். பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம் இருக்கும், தலை நின்றுவிட்டது, கண்டதையெல்லாம் எட்டிப் பிடிக்கிற வயசு. அக்கா சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். பாப்பாவைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கையை நீட்டப் போனாள். அதற்குள் என் வீட்டுக்காரர், "முதல்ல ஒரு காபி குடிங்க அண்ணி, இது சுத்தமான தண்ணி" என்று டம்ளரைக் கொடுத்தார். வாங்கினாள், ஒரு வாய் குடித்தாள். பாப்பாவைப் பார்த்துக்கொண்டே, மறுபடி இரண்டு கையையும் நீட்டினாள்.

டம்ளரை எங்கேயும் வைக்கவில்லை. அந்தரத்தில் விட்டுவிட்டாள்.

டம்ளர் தரையில் விழுந்து உருண்டது, காபி எல்லார் காலிலும் தெறித்தது. நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். "அப்புறமா தூக்கிக்கறேன்" என்றாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. மறுநாள் பல் தேய்க்கும்போது பிரஷ்ஷை விட்டாள். அதற்கு மறுநாள் தன் போனையே விட்டாள், கண்ணாடி சிலந்திவலையாகப் போயிற்று. யாராவது பேச்சுக் கொடுத்தால் போதும், கையில் உள்ளதைக் காற்றில் வைத்துவிட்டுத் திரும்புவாள். சீப்பைக் காணோம் என்று நான் கடையில் தேடிக்கொண்டிருந்தால், இவள் தலையை நிமிர்த்திச் சுவரில் இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்ப்பாள். வாடிக்கைக்கு வந்தவர்களோடு சேர்ந்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு நாள் அவள் காலைக் கழுவித் தேய்த்துவிட உட்கார்த்தி வைத்தேன். பாதத்தின் மேல்புறம் காய்த்துப் போயிருந்தது, கம்பிக்கு அடியில் செருகிச் செருகி. அடிப்பாதம் அப்படியே பாப்பாவின் பாதம்போல மெத்தென்று இருந்தது. ஆறு மாதம் தரையையே மிதிக்காத கால். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கல்லை வைத்துத் தேய்க்காமல் கையாலேயே தேய்த்துவிட்டேன்.

பாப்பா பக்கத்தில் மட்டும் அக்கா கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். கொஞ்சுவாள், பாடுவாள், தரையில் படுத்து முகத்துக்கு முகம் வைத்துக் கோமாளித்தனம் பண்ணுவாள். தூக்கு என்றால் முதுகு வலி என்பாள். தலை சுற்றுகிறது என்பாள். சளி பிடித்திருக்கிறது என்பாள். என்ன கேட்டாலும் பிடி கொடுத்துப் பேசமாட்டாள். பாப்பா அவளைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கும். இவள் ஒரு எட்டுப் பின்னால் போவாள். இத்தனை பட்டுப் பெற்ற பிள்ளை. யாருக்காக வாசலில் தூக்கிக்கொண்டு நின்றேன்? வேறு யாராவது இருந்தால் போடி என்று விட்டிருப்பேன். இவளை அப்படி விட முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் மையத்துக்குத் திரும்ப வேண்டும், பிறகு எப்போது வருவாளோ தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட வீட்டுக்கு வந்து, பெல்லை அழுத்திவிட்டு உள்ளே நுழைந்தேன். சமையலறையில் தொம் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா நடுவில் நிற்கிறாள். அவள் காலைச் சுற்றி உருளைக்கிழங்கு. அடுப்புக்கு அடியில், வாளிக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் உருளைக்கிழங்கு. ஒரு துணிப்பை பிதுங்கிக் கிடந்தது. அதன் மேல் என் பாப்பாவின் துவாலையைச் சுற்றியிருந்தாள்.

"என்ன பண்ற?"

"பழகிப் பார்த்தேன்" என்றாள். "புது ஆளு எடைக்குச் சரியா கட்டினேன். நல்லாத்தான் வச்சிருந்தேன். வாசல்ல யாரோ பெல் அடிச்சாங்க. யாருன்னு கேட்டேன். அவ்ளோதான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெட்டவெளியில் போய்விட்டு வந்தவள், உருளைக்கிழங்குக்கு நடுவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"என்னால முடியாதுடி. என் கை என் பேச்சைக் கேக்கல. டம்ளர் போனா போகுது. இவளைப் போட்டுட்டா? நீ பட்டதெல்லாம் பக்கத்துல இருந்து பார்த்தவ நான். என் கையாலயா?"

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு அழுகை வரும்போது கோபமாகத்தான் வெளியே வரும். கத்தினேன்.

"ஏன்டி, அது உருளைக்கிழங்குன்னு தெரிஞ்சுதானே விட்ட? கிழங்கு விழுந்தா யாருக்கு என்ன? டம்ளரு, பிரஷ்ஷு, போனு, இதெல்லாம் எப்ப விட்ட? பயமே இல்லாம, நினைப்பே இல்லாம இருக்கும்போது. வெளியே போனப்ப எதையாவது விட்டியா?"

"வெளியே எப்படி விடுவேன்? வெளியே விட்டா போச்சே."

"ஏன் விடல?"

"உயிர் பயம்டி."

"இப்ப இவளைப் பார்த்தா உனக்கு என்ன இருக்கு? பத்து நாளா கையைக் கட்டிக்கிட்டு நடுங்கிட்டு நிக்கிறியே, அதுக்குப் பேர் என்ன?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். ரிப்பேர் செய்கிற யந்திரத்தை எந்தப் பக்கம் திறப்பது என்று யோசிக்கிறவள்போல இருந்தது அவள் முகம்.

"கொக்கி இருக்கா?" என்றாள்.

இருந்தது. குழந்தையை மாரோடு கட்டிக்கொள்கிற பட்டை ஒன்றை என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி வந்திருந்தார். எனக்கு அது சரிப்படாமல் கதவுக்குப் பின்னால் தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். அக்கா எழுந்து முகம் கழுவி வந்தாள். பட்டையை மாட்டினாள். தோளில் ஒரு கொக்கி, இடுப்பில் ஒரு கொக்கி. டக், டக். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டாள். அவள் கால்விரல்கள் தரையில் எதையோ தேடின. கம்பியைத்தான் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

பாப்பாவைப் பட்டைக்குள் இறக்கினேன். அக்கா ஒரு கையை அடியில் கொடுத்தாள், ஒரு கையை முதுகில் வைத்தாள். கடைசிக் கொக்கியை மாட்டினாள். இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கழற்றி மறுபடி மாட்டினாள். எனக்கு முதுகு வளைந்து வலி எடுத்தது. பாப்பா என் கையில் ஒரு பாதி, அவள் கையில் ஒரு பாதி. வாத்தியாரை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பிடிச்சாச்சு" என்றாள் அக்கா. குரல் வெளியே வரவில்லை, காற்றுதான் வந்தது.

"கேக்கல."

"பிடிச்சாச்சுடி!"

கையை எடுத்தேன்.

பாப்பா அண்ணாந்து புது முகத்தைப் பார்த்தது. பிறகு எட்டி அக்காவின் சட்டைக் காலரைப் பிடித்தது, மறு கையால் அவள் காதைப் பிடித்தது. எங்கள் பாப்பா பிடித்தால் உடும்புப்பிடி, விடுவிக்க ஆள் வேண்டும். அக்கா வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். அந்த மத்தியானம் முழுக்க அவள் நடந்துகொண்டே இருந்தாள். சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து வாசலுக்கு. நான் தரையில் தவழ்ந்து உருளைக்கிழங்கு பொறுக்கினேன். கடையைத் திறக்கவில்லை. முடி ஒரு நாள் வெட்டாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பால்காரர் பெல் அடித்தார். நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அக்கா "யாரு?" என்று கேட்டாள். கேட்கும்போது இரண்டு கையும் பாப்பாவை இன்னும் கொஞ்சம் இறுக்கின.

சாயந்திரம் பாப்பாவுக்குப் பசி வந்தது. சிணுங்க ஆரம்பித்தது. நான் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். அக்கா ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். பட்டை கீழே விழுந்தது. இப்போது கொக்கி இல்லை, வெறும் கை. பாப்பாவை இரண்டு கையிலும் ஏந்தி என் பக்கம் நீட்டினாள். நான் அடியில் கை கொடுத்தேன். பாப்பாவின் கனம் என் உள்ளங்கையில் இறங்கியது. நன்றாகவே பிடித்துக்கொண்டேன்.

அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லாமல் அவள் விடமாட்டாள். எவ்வளவு நேரமானாலும் விடமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"சொல்லுடி" என்றாள்.

ஓயாத வாய் எனக்கு. அன்றைக்கு மூடிக்கொண்டேன். பசி கொஞ்சம் பொறுக்கும்.